சங்கத் தலைவரின் கிண்ணம்

காலையிலிருந்தே உல்கான் அக்காவின் நீலப் பை வாசற்படி ஓரத்தில் கிடந்தது. யார் வந்தாலும் போனாலும் அதைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அம்மா அதை உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தாள். அக்கா வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

"வேன் மத்தியானத்துக்கு மேல எப்ப வேணா வரும். அப்ப நின்னு பைய தேடிட்டு இருக்க முடியாது," என்று கடைசியில் என்னிடம்தான் சொன்னாள் அக்கா.

வேன் ஓஷ் விமான நிலையத்துக்கு. அங்கிருந்து எகாதெரின்பர்க். அங்கே ஒரு தொழிற்சாலை உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை. குழந்தை அய்தாவை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போகிறாள். அக்கா புருஷன் முன்னாலேயே அதே ருஷ்யாவுக்குப் போனவன்தான்; அங்கே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு இங்கே போன் எடுப்பதை நிறுத்திவிட்டான். எங்கள் ஜார்-பாஷி ஊரில் இதைக் கேட்டு யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். ஆள் போகாத வீட்டைக் காட்டுங்கள், அப்போது பேசுவோம்.

அவளை நிறுத்த ஒரே ஒரு வழி இருந்தது. அந்த வழி அன்று எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்துகொண்டிருந்தது.

நான் வேலை பார்ப்பது பள்ளத்தாக்கு வணிகர் சங்கத்தில். பதினான்கு ஊர்களின் ஆப்ரிகாட் தோட்டக்காரர்கள், லாரிக்காரர்கள், கிடங்கு வைத்திருப்பவர்கள் எல்லாம் சேர்ந்த சங்கம். 'வட்டாரப் பொருளாதார வளர்ச்சிக்காக' என்று ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் அடிப்பது நான்தான். சம்பளம் வாங்கும் ஒரே ஆளும் நான்தான். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் கல்லூரி வாசலை மிதித்தவர் யாருமில்லை. பொருளாதாரத்தில் வாங்கிய பட்டத்தை அம்மா சுவர்க் கம்பளத்துக்கு மேலே ஆணியடித்து மாட்டியிருக்கிறாள். தலைவர் சத்தார் வரும்போதெல்லாம் அதைப் பார்த்து, "எங்க எகனாமிஸ்ட்!" என்று எல்லோர் முன்னாலும் பெருமையாகச் சொல்வார். சொல்லிவிட்டு டீ ஊற்றச் சொல்வார்.

குளிர்காலம் முழுக்க அல்மாத்தியில் இனிப்புக் கம்பெனி வைத்திருக்கும் ஷோல்பான் என்ற அம்மாவுக்கு நான் கடிதம் எழுதினேன். அந்த அம்மா திருப்பித் திருப்பி ஒன்றையே எழுதினார்: கந்தகப் புகை போடாத பழம் வேண்டும். கறுத்திருந்தாலும் சரி, சுருங்கியிருந்தாலும் சரி, வெயிலில் மட்டும் காய்ந்திருக்க வேண்டும். நேரில் வந்து பார்க்கிறேன், பிடித்தால் சங்கத்தோடு கையெழுத்து என்றார். அப்படிக் கையெழுத்தானால் பழம் பிரிக்கும் கொட்டகையை ஜார்-பாஷியில் போடுவோம் என்று சத்தார் பொதுக்குழுவில் எழுந்து நின்று சொல்லியிருந்தார். கொட்டகை வந்தால் அக்காதான் மேற்பார்வை. அக்கா போக வேண்டியதில்லை.

இவ்வளவுதான் விஷயம். ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும்.

ஆனால் முந்தின நாள் சத்தாரின் டிரைவர் ஒரு மூட்டையை இறக்கிவிட்டுப் போனான். பிரித்தால் எல்லாம் தங்க மஞ்சள். சத்தாரின் சொந்தக் கிடங்குச் சரக்கு. கந்தகப் புகை போட்டுப் பளபளக்கும் பழம். உடனே சத்தாருக்குப் போன் போட்டேன். பைகே என்றால் அண்ணன்; ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும்.

"பைகே, அந்தம்மா புகை போடாததுதான் கேக்கறாங்க. கடிதத்த உங்களுக்கு வாசிச்சுக் காட்டினேனே."

"வாசிச்சே, வாசிச்சே. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க. நேர்ல தங்கத்தப் பாத்தா எவளும் கறுப்பக் கேக்க மாட்டா."

"இவங்க கேப்பாங்க."

"அடியே சிர்கா, ஊர் விட்டு ஊர் வர்ற விருந்தாளி முன்னாடி அந்தக் கறுப்புச் சனியனையா வைக்கப் போறே? எங்கப்பன் பேர் என்னாகறது? உங்கம்மாகிட்ட கேளு."

அம்மாவிடம் கேட்டேன். அம்மா எனக்கு விரோதமாகத்தான் பேசினாள். "அவர் சொல்றது சரிதானடி. கறுத்தது நாம வீட்டுல தண்ணியில போட்டுக் குடிக்கறது. அத சாப்பாட்டு விரிப்புல வச்சா, வந்தவங்கள மதிக்கலன்னு ஆகும்." அக்காவும் தலையை ஆட்டினாள். வெளிநாட்டுக்குப் பாத்திரம் கழுவப் போகிறவள், விருந்தாளி முன்னால் கறுப்புப் பழம் வைக்கக் கூசுகிறாள்! எங்கள் கூரையில் நாங்களே உலர்த்திய மூட்டையை நானே கட்டிப் பின்னறையில் வைத்தேன். கட்டும்போது பற்களைக் கடித்தது இன்னும் தாடையில் வலிக்கிறது.

இரண்டு கார்கள் வந்தன. சத்தார், லாரிக்கார ஜாபார், செயற்குழுவில் இன்னும் சிலர், நடுவில் ஷோல்பான். ஐம்பது வயதிருக்கும். குட்டை முடி, ஓட்டக்காரர்கள் போடும் ஷூ. வாசலில் ஷூவைக் கழற்றும்போது நீலப் பையைப் பார்த்தார். "யாரு பயணம்?" என்று கேட்டார். சத்தார் அவரை வாசலுக்கு எதிர்ச்சுவர் ஓரம், மரியாதை இடத்தில் உட்கார வைத்து, பக்கத்திலேயே தானும் உட்கார்ந்துகொண்டார். பெண்கள் நாங்கள் வாசற்பக்கம். எனக்கு டீ கொதிக்கும் சமோவார்.

அம்மா என் காதில் கிசுகிசுத்தாள். "பாதிக்கும் கீழ ஊத்து. நீ ஆபீஸ்ல ஊத்தற மாதிரி ஊத்தாதே. வந்தவங்கள துரத்தறியான்னு கேப்பாங்க."

எனக்குத் தெரியாதா? எங்கள் பக்கம் கிண்ணத்தில் கொஞ்சமாக ஊற்றினால்தான் மரியாதை. குடித்துவிட்டு நீட்டுவார்கள், மறுபடி கொஞ்சம், மறுபடி நீட்டுவார்கள். நீ இன்னும் கொஞ்ச நேரம் இரு என்று வீடு சொல்வது அது. விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள். நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும்.

ரொட்டி பிய்த்தார்கள். புலாவ் வந்தது. சத்தார் பேசினார். பள்ளத்தாக்கின் வளர்ச்சி, இளைஞர்களின் எதிர்காலம், பெண்களின் முன்னேற்றம். மூன்றாவதைச் சொல்லும்போது கிண்ணத்தை என் பக்கம் நீட்டினார்.

ஷோல்பான் ஒரு தங்கப் பழத்தை எடுத்தார். விரலால் கிழித்தார். முகர்ந்தார்.

"புகை போட்டதா?"

"சேச்சே! வெறும் வெயில், தங்கச்சி. எங்க வெயில் அப்படி."

"எங்க வெயில்ல நின்னா மனுஷனே தங்கமாயிடுவான்," என்று ஜாபார் தன் வழுக்கையைத் தட்டிக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். ஷோல்பானும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அந்தப் பழத்தைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டார். கடிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் பழத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பாதை குளிர்காலத்தில் மூடுமா என்றார். மலையில் இன்னும் பனி இருக்கிறதே என்றார். விமானம் எப்போது என்று தன் போனைப் பார்த்தார். வாங்க வந்தவர் வானிலையைப் பேச ஆரம்பித்தால் முடிந்தது கதை. இதற்குப் பட்டம் வேண்டாம், சந்தைக்கு ஒரு தடவை போனால் போதும்.

அக்கா வாசலருகே ரொட்டித் தட்டோடு நின்றுகொண்டு என்னையே பார்த்தாள். அவள் சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது. வேன்காரன்தான். அவள் எடுக்கவில்லை. மறுபடி அதிர்ந்தது.

"பைகே," என்றேன். "அந்தக் கடிதத்துல அவங்க கேட்டிருந்தது…"

"சிர்கா. டீ."

அவ்வளவுதான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஷோல்பானிடம் மலைச்சாலையைப் பற்றி விளக்கிக்கொண்டே கிண்ணத்தை மட்டும் என் பக்கம் நீட்டினார். என் பக்கத்தில் ஒரு குழாய் இருப்பது மாதிரி.

வாங்கினேன். ஊற்றினேன். பாதி வந்தது. நிறுத்தவில்லை. முக்கால் வந்தது. அம்மாவின் கை என் முழங்கையைப் பிடித்தது. உதறினேன். விளிம்புக்கு வந்து, இன்னும் ஒரு சொட்டு விழுந்தால் வழியும் என்ற இடத்தில் நிறுத்தினேன். சிந்தாமல் இரண்டு கையாலும் நீட்டினேன், வலது கை முன்னால், மரியாதையாக.

ஜாபார் வாயில் வைத்த கவளத்தை மென்று விழுங்க மறந்தான்.

சத்தார் கிண்ணத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கெட்டவர் இல்லை, எனக்கு ஒரு வழி விட்டார். "கை தவறிடுச்சாம்மா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள்.

"இல்ல பைகே. பாத்துதான் ஊத்தினேன்."

"இது உங்க வீடு," என்றார்.

"ஆமா. எங்க வீடு."

கிண்ணத்தை விரிப்பில் வைத்தார். வெள்ளைக் கம்பளித் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தார். சாப்பாடு முடிந்தால் பெரியவர் உள்ளங்கைகளால் முகத்தைத் தடவி 'ஓமின்' சொல்ல வேண்டும்; அவர் சொன்னால் எல்லோரும் சொல்லி எழுந்துவிட வேண்டியதுதான். கோபத்தில் அதைச் சொல்லாமலே போய்விட்டார்; அதனால் மற்றவர்கள் எழ முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். நீலப் பையில் கால் இடித்தது. பையைத் திட்டினார், என்னைத் திட்டவில்லை.

அம்மா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். "உன்னப் படிக்க வச்சதுக்கு…" என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் விட்டாள்.

ஷோல்பான் தன் கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தார். "எங்க ஊர்லயும் இதே வழக்கம்தான். எனக்குப் பாதிதான் இருக்கு. அப்ப நான் உக்காரலாமா?"

"நீங்க உக்காருங்க எஜே," என்றேன், அக்கா முறை வைத்து.

"அப்ப நீ எழுதின பழத்தக் கொண்டா. இத்தன நேரமா அதுக்குத்தான் காத்திருக்கேன்."

நான் எழுவதற்குள் அக்கா பின்னறைக்கு ஓடிவிட்டாள். மூட்டையை இழுத்து வந்து, நான் போட்டிருந்த முடிச்சைப் பல்லால் அவிழ்த்து, விரிப்பின் நடுவில் கொட்டினாள். கறுப்பு, கறுஞ்சிவப்பு, தேன் கசிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பழங்கள். செயற்குழு ஆட்கள் வேறு பக்கம் பார்த்தார்கள், யாரோ அவிழ்த்துப்போட்டு நிற்பது போல. ஷோல்பான் ஒன்றைத் தின்றார். இன்னொன்று. மூன்றாவதை மெல்லும்போது கண்ணை மூடிக்கொண்டார்.

"இதத்தான் ஒளிச்சு வச்சீங்களா? பைத்தியமா நீங்கல்லாம்?"

"மானஸ்தங்க," என்றான் ஜாபார்.

"எவ்வளவு கிடைக்கும்?"

எங்கள் ஊரில் புகை போடாமல் உலர்த்துகிறவர்கள் எல்லோருடையதையும் சேர்த்தால் ஒரு லாரியில் பாதி என்றேன். ஷோல்பான் கையைத் துடைத்துக்கொண்டார். "கண்ணு, எனக்கு வாரா வாரம் லாரி வேணும். ஒரு ஊரோட நான் கையெழுத்துப் போட்டா, ஒரு மழையில என் கம்பெனி மூடிடும். பதினாலு ஊரும் வேணும். ஒரே தரம், ஒரே மூட்டை, ஒரே பொறுப்பு. எனக்கு உங்க சங்கம் வேணும். சங்கம்னா கையெழுத்து யாரோடது?"

எல்லோரும் நிரம்பிய கிண்ணத்தைப் பார்த்தார்கள். அதில் ஆடைகூடப் படிய ஆரம்பித்திருந்தது.

"நல்லா வளத்தடி பொருளாதாரத்த," என்றான் ஜாபார்.

வெளியே ஹாரன் அடித்தது. அக்கா நிமிர்ந்தாள். யாரையும் பார்க்காமல் வெளியே போய்ப் பையைத் தூக்கினாள்.

நான் ஒரு கிண்ணத்தை எடுத்தேன். அக்கா பையோடு வாசலில் நின்றிருந்தவள் திரும்பி வந்து, என் கையிலிருந்து கிண்ணத்தைப் பிடுங்கி, சமோவாரைத் திருகிக் கொஞ்சமாக ஊற்றினாள். இரண்டு மடக்குக்கு மேல் இருக்காது. "போ. நீ ஆரம்பிச்சது. நீயே முடி," என்றாள்.

சத்தார் கிளம்புவதற்கு முன்பே வேன் வந்து எங்கள் சந்தில் குறுக்கே நின்றிருக்கிறது; இப்போது விடாமல் அடித்தது. அதற்குப் பின்னால் சத்தாரின் கார், வெளியே போக வழியில்லாமல் அதுவும் அடித்தது. அந்த வேன்காரனுக்கு நான் ஒரு ஆட்டுக்கால் கடன்பட்டிருக்கிறேன். கார்க் கண்ணாடியைத் தட்டினேன். இறக்கவில்லை. மறுபடி தட்டினேன். நாலு விரற்கடை இறக்கினார்.

"என்ன? இன்னும் ஊத்தணுமா?"

"கொஞ்சமா ஊத்தியிருக்கு, பைகே. பாருங்க."

பார்த்தார். வாங்கவில்லை. "என் வாழ்க்கையில யாரும் எனக்கு நிரப்பிக் கொடுத்தது கிடையாது. என் சம்பந்தி வீட்டுல சண்டை போட்டப்பகூட கிடையாது."

"நிரப்பினது நான். திரும்பக் கூப்பிடறதும் நான். நிரப்பினது தப்புன்னு மட்டும் சொல்ல மாட்டேன். அந்தம்மாகிட்ட பொய் சொன்னீங்க."

"பொய்! ஏன் சொன்னேன்னு கேட்டியா? பத்து வருஷம் முன்னாடி இதே சங்கம்தான் எல்லாரையும் புகை போடச் சொல்லிச்சு. அப்ப வந்தவன் தங்கம் வேணும்னான். ஊர் ஊராப் போய்க் கெஞ்சி, புகையறை கட்ட வச்சேன். என் கிடங்கு பூரா தங்கம் கிடக்கு. இன்னிக்கு ஒருத்தி வந்து கறுப்பு வேணுங்கறா. நாளைக்கு ஒருத்தன் வந்து நீலம் வேணும்பான். நான் எத்தன தடவ ஊரத் திருப்புவேன்?"

இது எனக்குத் தெரியாது. கல்லூரியில் இதற்கு ஒரு பெயர் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

"நீலம் கேட்டா அப்பப் பாத்துக்கலாம். இப்ப உள்ள உக்காந்திருக்கறவங்களுக்குப் பதினாலு ஊரும் வேணுமாம். சங்கம் இல்லாம கையெழுத்து இல்லையாம்."

அவர் முகம் மாறியது. உடனே மறைத்துக்கொண்டார். "கொட்டகை டவுன்லதான் வரும். என் கிடங்குக்குப் பக்கத்துல. உங்க ஊர்ல மாசத்துல பாதி நாள் கரண்ட் இல்ல."

"பொதுக்குழுவுல என்ன சொன்னீங்க?"

"சொன்னேன். கரண்ட்டயும் யோசிக்கணும்ல?"

அவர் சொன்னது நியாயம்தான், அதுதான் எரிச்சல். "பழம் பிரிக்க எதுக்குக் கரண்ட்? நிழலும் கையும் போதும். பிரிக்கறது இங்க. பெட்டியில அடைக்கறது டவுன்ல, உங்க கிடங்குலயே வச்சுக்குங்க. வாடகை வாங்கிக்குங்க."

யோசித்தார். வேன்காரன் இறங்கி வந்து, இந்த ஆள் ஏறுகிறாளா இல்லையா, இன்னும் நாலு வீட்டில் ஆள் நிற்கிறது என்று கத்தினான். அக்கா பையை வேனின் படியில் வைத்துவிட்டு, ஒரு கையைக் கதவில் ஊன்றியபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் அய்தாவைத் தூக்கிக்கொண்டு அம்மா.

"பிரிக்கற இடத்துக்கு யார் பொறுப்பு?"

"உல்கான்."

சத்தார் தலையை வெளியே நீட்டிக் கத்தினார். "உல்கான்! அந்த வேனை எடுக்கச் சொல்லு, வழிய மறைக்குது!"

அக்கா அசையவில்லை. "நான் ஏறி எடுக்கறதா, ஏறாம எடுக்கறதா, பைகே?"

சந்து முழுக்கக் கேட்டது. உள்ளே இருந்த செயற்குழு ஆட்கள்கூட ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். சத்தார் ஒரு தடவை அவர்களைப் பார்த்தார், ஒரு தடவை என் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார். வாங்கினார். எவ்வளவு இருக்கிறது என்று சாய்த்துப் பார்த்தார். குடித்தார்.

"ஏறாம," என்றார். "ஆனா ஒரு சீசன்தான் வாக்கு. அதுக்கு மேல நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

"ருஷ்யாவுல வேலை குடுத்தவனும் ஒரு சீசன்தான் சொன்னான்," என்றாள் அக்கா. பையைப் படியிலிருந்து இறக்கினாள். வேன்காரன் அவளுடைய ஏழு தலைமுறையையும் திட்டிவிட்டு வண்டியை எடுத்தான்.

சத்தார் உள்ளே போய் அதே இடத்தில் உட்கார்ந்தார். ஷோல்பான் ஒன்றும் நடக்காத மாதிரி ஒரு கறுப்புப் பழத்தை எடுத்து அவர் கையில் வைத்தார். அவர் அதை மருந்து மாதிரி மென்றார். ஆறிப்போன நிரம்பிய கிண்ணத்தை அம்மா யாருக்கும் தெரியாமல் எடுத்துப் போய்க் கொல்லையில் கொட்டினாள். பேரம் ஆரம்பித்தது. இரண்டு பேரும் குரலை உயர்த்தினார்கள். ஜாபார் லாரி வாடகையைப் பற்றி இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் பொய் சொன்னான். எல்லாம் வழக்கம் போல.

மறுநாள் அலுவலகத்தில் எனக்கு என்ன காத்திருக்கிறது என்று தெரியவில்லை. ஊற்றிக்கொண்டே இருந்தேன். பாதிக்கும் கீழே, பாதிக்கும் கீழே.

அக்கா அய்தாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ரொட்டி எடுக்கப் போனாள். போகிற போக்கில் நீலப் பையைத் தாண்டினாள். அதை அவள் உள்ளே கொண்டுபோகவில்லை. வாசற்படி ஓரத்தில், காலையில் கிடந்த இடத்திலேயே போட்டிருந்தாள். அம்மாவும் இந்த முறை அதை உள்ளே தள்ளவில்லை.